பிடித்த கதாபாத்திரமும் நம் சாட்சியும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நாவலில் வரும் மனிதர் நம்மைப் பிடித்துக்கொள்கிறார். படித்து முடித்த பிறகும் அவர் நினைவு போகவில்லை. நண்பர்களிடம் அவரைப் பற்றிப் பேசுகிறோம். பேசப் பேச, அவரிடம் நம்மை ஈர்த்தது இயேசுவின் சாயல்தான் என்று புரிகிறது. அதைச் சொல்ல ஆசையாக இருக்கிறது. சொன்னால் பிரசங்கம் ஆகிவிடுமோ, நட்பு கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்கிறவர்களுக்கு. அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும், ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், பாடகர் குழு என்று ஆலயத்துக்குள்ளேயே வளர்ந்து, வெளியே ஒருவரிடமும் தங்கள் விசுவாசத்தைப் பற்றி வாய் திறந்திராதவர்களுக்கும் இது உதவும்.

பொதுப்படையாகச் சொன்னால் எதுவும் கையில் நிற்காது. அதனால் ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். விக்தர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட ‘லே மிசெராப்ல’ நாவலில் வரும் ஆயர் மிரியேல். கவியோகி சுத்தானந்த பாரதியார் இந்த நாவலை ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். 1950-இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. அதில் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே அடைமொழியாகக் கடைசிவரை நிலைத்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது அந்தப் படம் நினைவிருக்கலாம். உங்கள் மனதில் இருப்பவர் வேறொரு பாத்திரம் என்றால், மிரியேல் என்று வரும் இடங்களில் அவரை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஆண்டு 1815, அக்டோபர் மாதம். பிரான்ஸின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள தீஞ் என்ற சிறு நகரத்துக்கு ழான் வல்ழான் என்பவர் நடந்து வருகிறார். ஒரு ரொட்டியைத் திருடியதற்காக 5 ஆண்டு, தப்பியோட 4 முறை முயன்றதற்காக 14 ஆண்டு, ஆக மொத்தம் 19 ஆண்டுகள் தூலோன் நகரத்துக் கடின உழைப்புச் சிறையில் கழித்தவர். கையில் இருப்பது முன்னாள் கைதி என்று காட்டிக்கொடுக்கும் மஞ்சள் நிறச் சீட்டு. விடுதிகள் விரட்டுகின்றன. நாய்ப்பட்டியில் புகுந்து படுக்கப் பார்த்தால் நாய் துரத்துகிறது. கடைசியில் ஒரு பெண்மணி ஒரு கதவைக் காட்டி, அங்கே தட்டிப்பாருங்கள் என்கிறார். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர்தான் 75 வயது ஆயர் மிரியேல்.

முதல் படி: உண்மையாகப் பிடித்தவரைத் தேர்ந்தெடுங்கள்

‘சாட்சி சொல்ல வசதியான’ பாத்திரம் என்று யாரையும் தேடிப் பிடிக்காதீர்கள். மதத்தைப் பற்றி ஒரு சொல்கூட வராவிட்டாலும் அரை மணி நேரம் நீங்கள் ஆசையோடு பேசக்கூடியவரா அவர்? ஆம் என்றால் அவரே போதும். பாசாங்கை எதிரே இருப்பவர் உடனே கண்டுகொள்வார். கதையைத் தூண்டிலாக மாட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் கதையும் போகும், நட்பும் போகும்.

கதையை வைத்து விசுவாசம் பேசலாமா என்று சபையில் சிலர் தயங்கலாம். நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் நேராகக் குற்றம் சாட்டாமல், ஒரே ஒரு ஆட்டுக்குட்டியை வைத்திருந்த ஏழையின் கதையைத்தான் முதலில் சொன்னார் (2 சாமுவேல் 12). பவுல் அத்தேனே பட்டணத்து மக்களிடம் பேசும்போது அவர்களுடைய கவிஞர்களையே மேற்கோள் காட்டினார் (அப்போஸ்தலர் 17). நம் மண்ணில், வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1678-இல் வெளியான ஜான் பனியனின் பயணக் கதையைத் தழுவி 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைத் தந்தார். கற்பனைப் பாத்திரத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு விசுவாசத்தைப் பேசுவது நம்மவர்களுக்குப் பழகிய வழிதான்.

இரண்டாம் படி: மறுபடி படியுங்கள், அவர் செய்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

படம் பார்த்தவர்களுக்கு மிரியேல் என்றால் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கொடுத்த சில நிமிடக் காட்சி மட்டுமே நினைவிருக்கும். நாவலில் அப்படியல்ல. வல்ழான் வருவதற்கு முன்பே, முதல் பாகத்தின் முதல் நூல், 14 அத்தியாயங்கள், முழுக்க முழுக்க இவரைப் பற்றியது. கதை நகரவே இல்லையே என்று பலர் தாண்டிப்போகும் பக்கங்கள் இவை. தயவுசெய்து தாண்டாதீர்கள். அடுத்த நூலின் 13 அத்தியாயங்களையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டியது முழுவதும் கிடைத்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் அவர் செய்தவை, மறுபக்கம் அவர் சொன்னவை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். செய்தவை எப்படிக் குவிகின்றன என்று பாருங்கள். ஆயராகப் பொறுப்பேற்று மூன்றே நாளில் பக்கத்து மருத்துவமனைக்குப் போகிறார். ஐந்தாறு சின்ன அறைகளில் 26 நோயாளிகள் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். தன் மாளிகையிலோ 60 பேர் தங்கும் இடத்தில் மூன்றே பேர். எங்கோ கணக்குத் தவறியிருக்கிறது, என் வீடு உங்களிடம் இருக்கிறது, உங்கள் வீட்டில் நான் இருக்கிறேன் என்று சொல்லி, மாளிகையை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு மருத்துவமனைக் கட்டடத்துக்குக் குடிபோகிறார். ஆண்டு ஊதியம் 15,000 பிராங்க். அதில் தனக்கென்று வைத்துக்கொள்வது 1,000. ஊர் ஊராகப் போய்வர வண்டிச் செலவு கேட்கிறார். 3,000 பிராங்க் அனுமதிக்கிறார்கள். ஆயருக்கும் ஆசை விடவில்லை பார் என்று ஊர் முணுமுணுக்கிறது. அந்தப் பணம் மொத்தமும் நோயாளிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் போகிறது. அவர் நடந்தோ கழுதை மேல் ஏறியோதான் போய்வருகிறார். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள்களைக் கழற்றிவிடுகிறார். யார் தள்ளினாலும் அது திறக்கும்.

பிறகு அந்த இரவு. இதை மட்டும் மெதுவாக, வரி வரியாகப் படியுங்கள்.

வல்ழான் உள்ளே வந்ததும், கேட்கும் முன்பே, தான் யார் என்பதை முழுக்கக் கொட்டிவிடுகிறார்: சிறைக்கைதி, மஞ்சள் சீட்டு, எல்லாரும் விரட்டினார்கள். ஆயர் வீட்டுப் பணிப்பெண் மக்லுவார் அம்மாவிடம் திரும்பி, இன்னும் ஒருவருக்குத் தட்டு வையுங்கள் என்கிறார். வந்தவருக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம். மறுபடியும் சீட்டை நீட்டுகிறார். படுக்கைக்கு வெள்ளை விரிப்பு போடுங்கள் என்று மக்லுவார் அம்மாவுக்கு அடுத்த வேலை சொல்லப்படுகிறது. வல்ழானை அவர் ‘ஐயா’ என்று மரியாதையாகவே கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறை அந்தச் சொல் வரும்போதும் அந்த முகம் மலர்வதை ஹ்யூகோ கவனித்து எழுதுகிறார். இந்த விளக்கு வெளிச்சம் போதவில்லையே என்று ஆயர் மெல்லச் சொல்கிறார். மக்லுவார் அம்மா புரிந்துகொண்டு, விருந்தாளிகளுக்கு மட்டும் ஏற்றும் வெள்ளித் தண்டுகளை ஏற்றிக் கொண்டுவந்து வைக்கிறார். உணவுக்கு உட்கார்ந்ததும், மேசையில் ஏதோ குறைகிறதே என்கிறார் ஆயர். விருந்தாளி வந்தால் ஆறு பேருக்கான வெள்ளிக் கரண்டி முள்கரண்டிகளையும் பரப்புவது அந்த வீட்டு வழக்கம். அன்று மூன்று பேருக்கு மட்டுமே வைத்திருந்தார்கள். மீதியும் வருகிறது.

சாப்பாட்டின்போது அவர் பேசியது எதைப் பற்றித் தெரியுமா? அடுத்து வல்ழான் போகவேண்டிய ஊர்ப் பக்கத்தில் பாலாடைக்கட்டி செய்யும் கூட்டுறவுத் தொழில் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி. வேலை தேடப் போகிறவருக்கு அது பயன்படும் செய்தி. அந்த இரவைத் தோழிக்கு எழுதிய கடிதத்தில் ஆயரின் தங்கை பாப்திஸ்தீன் ஒன்றைக் குறிப்பிடுகிறார்: புத்திமதி சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, ஆனாலும் அண்ணன் அந்த மனிதருடைய சொந்த ஊரையும் கேட்கவில்லை, கடந்த காலத்தையும் கேட்கவில்லை. புண் இருக்கும் இடத்தைத் தொடாமல் இருப்பதே பெரிய இரக்கம் என்று அண்ணன் நினைத்திருப்பார் என்று அவருக்குத் தோன்றுகிறது.

நான் மிரியேலிடம் தலைவணங்குவது இந்த இடத்தில்தான். உணவும் படுக்கையும் அவர் கையில் இருந்தன; வந்தவர் பசியோடு, போக்கிடம் இல்லாமல் நின்றார். அந்த மேல்நிலையைப் பயன்படுத்திச் சொல்லும் நல்ல வார்த்தைகூட அந்தச் சாப்பாட்டுக்கு வாங்கும் விலையாகிவிடும். அவர் விலை வாங்கவில்லை. அதே சமயம் தன் விசுவாசத்தை அவர் மறைக்கவும் இல்லை. இது என் வீடு அல்ல, கிறிஸ்துவின் வீடு என்பதை வல்ழானிடம் தெளிவாகச் சொல்கிறார். உணவுக்கு முன் ஜெபிக்கிறார். தான் யார் என்பதைச் சொல்கிறார், வந்தவர் என்ன ஆகவேண்டும் என்று சொல்வதில்லை.

வெள்ளியைத் திருடிக்கொண்டு போனவரை மறுநாள் காலை போலீஸார் பிடித்து வருகிறார்கள். ஆயர், தண்டுகளையும் தந்தேனே, ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டு அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார். போலீஸார் போன பிறகுதான், தாழ்ந்த குரலில் சில வாக்கியங்கள் பேசுகிறார்: இதை நேர்மையான மனிதராக வாழப் பயன்படுத்துங்கள், உங்கள் ஆன்மாவை வாங்கி நான் கடவுளுக்குக் கொடுக்கிறேன். நோட்டின் ‘சொன்னவை’ பக்கத்தில் எழுதவேண்டிய முக்கியமான வரிகள் இவை. இவற்றுக்கு முன்னால் எவ்வளவு நடந்திருக்கிறது என்று எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்.

மூன்றாம் படி: சுவிசேஷத்தில் எங்கே இதைப் பார்த்தோம்?

நோட்டில் எழுதிய ஒவ்வொரு செயலுக்கும் எதிரில் வேதாகமத்தில் எது நினைவுக்கு வருகிறது என்று குறியுங்கள். வெள்ளித் தண்டுகளுக்கு எதிரில் எனக்கு வருவது மலைப்பிரசங்கம்: உன் வஸ்திரத்தை எடுத்துக்கொள்ள வழக்காடுகிறவனுக்கு உன் அங்கியையும் விட்டுவிடு என்ற கட்டளை (மத்தேயு 5:40). அதை நம்மில் பெரும்பாலோர் கேட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். அதை ஒருவர் அப்படியே செய்தால் எப்படி இருக்கும் என்பதை மிரியேல் வீட்டில் பார்க்கிறோம். சாப்பாட்டு மேசைக்கு எதிரில் சகேயு (லூக்கா 19). ஊரே வெறுக்கும் வரிவசூல் தலைவனை இயேசு பெயர் சொல்லி அழைத்து, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். பாவத்தைப் பற்றிய கண்டனம் எதுவும் அங்கே பதிவாகவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்ற வார்த்தை சகேயுவின் வாயிலிருந்து தானாக வருகிறது.

ஒரு எச்சரிக்கை. மிரியேல் இரட்சகர் அல்லர். நீங்கள் பகிரப்போவது அவரை அல்ல, அவர் யாரைப் பார்த்து வாழ்ந்தாரோ அவரை. சுவிசேஷப் பகுதிகளை நீங்களே நிதானமாக வாசிக்காமல் நாவலோடு நின்றுவிட்டால், கடைசியில் நல்ல மனிதர் ஒருவரைப் பற்றிய பாராட்டுரைதான் மிஞ்சும்.

நான்காம் படி: பொருந்தாததையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

ஹ்யூகோ நம் சபைக்காரர் என்பதுபோல் பேசாதீர்கள். அவர் கடவுளை நம்பினார், ஆனால் திருச்சபைகளை விட்டு விலகியே நின்றார். 1885-இல் இறந்தபோது, அவர் விரும்பியபடி, தேவாலயச் சடங்கு இல்லாமல்தான் அடக்கம் நடந்தது. இந்த நாவலையே 1864-இல் கத்தோலிக்கத் திருச்சபை தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. மிரியேலுக்கு முன்மாதிரியாக இருந்தவர் தீஞ் நகரத்தில் உண்மையாகவே ஆயராக இருந்த மியோலிஸ் என்பது உண்மை. ஆனாலும் நாவலில் உள்ளதெல்லாம் நடந்தது என்று சொல்லிவிடக் கூடாது. தமிழில் இதைக் கொண்டுவந்த சுத்தானந்த பாரதியாரும் கிறிஸ்தவர் அல்லர், யோகி. இந்தக் கதை நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை மனதார ஏற்றுக்கொண்டால், பிறரோடு பேசுவது சுலபமாகிவிடும்.

பாத்திரத்திலும் குறை உண்டு. வீழ்ந்துகொண்டிருந்த நெப்போலியனிடம் ஆயர் கடுமையாக நடந்துகொண்டதை ஹ்யூகோ மறைக்கவில்லை. இன்னொரு அத்தியாயம் இதைவிட முக்கியமானது. ஊருக்கு வெளியே தனியாக வாழ்ந்த முதியவர் ஒருவர், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேசிய மாநாடு என்ற சட்டமன்றத்தின் உறுப்பினராக இருந்தவர், சாகக் கிடக்கிறார். ஊரே வெறுக்கும் அவரைப் பார்க்க மிரியேலுக்கும் உள்ளூர விருப்பம் இல்லை. கடமை என்று போகிறார். வாதம் நடக்கிறது. அரசகுலக் குழந்தை பட்ட பாட்டைப் பற்றி ஆயர் பேசினால், சாதாரண மக்களின் குழந்தைகள் பட்ட பாட்டை அந்த முதியவர் நினைவூட்டுகிறார். கடைசியில் ஆயர் அவர் முன் முழங்காலிட்டு ஆசீர்வாதம் கேட்கிறார். உபதேசிக்கப் போனவர் பெற்றுக்கொண்டு திரும்புகிறார். சாட்சி சொல்லப் புறப்படும் ஒவ்வொருவரும் இந்த அத்தியாயத்தை ஒருமுறையாவது படிக்கவேண்டும். நாம் சந்திக்கப் போகிறவரிடமும் நமக்குத் தெரியாத உண்மை இருக்கலாம்.

ஐந்தாம் படி: பேச்சை அவரிடமிருந்து தொடங்குங்கள்

‘உங்களுக்கு யாரைப் பிடித்தது?’ இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவருக்கு வல்ழானைப் பிடித்திருக்கலாம், மகளுக்காக எல்லாவற்றையும் இழக்கும் ஏழைத் தாய் பாந்தீனுக்காக அழுதிருக்கலாம், ஜாவர் மேல் இரக்கப்படலாம். ‘அதெல்லாம் சரி, அந்த ஆயர் இருக்கிறாரே’ என்று உடனே இழுக்காதீர்கள். ஜாவரைப் பற்றி அரை மணி நேரம் பேசவேண்டியிருந்தால் பேசுங்கள். சட்டமே எல்லாம் என்று வாழ்ந்தவருக்கு மன்னிப்பைத் தாங்க முடியாமல் போனது ஏன் என்பது லேசான கேள்வி அல்ல.

அலுவலகத்தில் உங்களைவிட மூத்த ஒருவரோடு பேச்சு இப்படிப் போகலாம்:

“தம்பி, அந்த பிஷப் மாதிரி யார் இருக்கிறார்கள்? திருடியவனுக்கு இன்னும் எடுத்துக் கொடுப்பார்களா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.”

“எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது அக்கா. என் பொருள் போயிருந்தால் நான் அப்படிச் செய்திருப்பேனா என்று தெரியவில்லை.”

“பிறகு ஏன் அவரையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்?”

“என்னை ஒருவர் அப்படி நடத்தியிருக்கிறார் என்று நான் நம்புகிறேன் அக்கா. அதனால்தான் அந்தப் பக்கம் வந்தால் கடந்துபோக முடியவில்லை.”

இங்கே நிறுத்திவிடுங்கள். “யார் அது?” என்று அக்கா கேட்டால் சொல்லலாம். கேட்காமல் வேறு பேச்சுக்குப் போனால் அவரோடு போங்கள். உங்களிடமுள்ள நம்பிக்கையைப் பற்றி விசாரிப்பவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள், அதையும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:15). கேள்வி முதலில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

ஆறாம் படி: கேட்டால், உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள்

கேள்வி வந்த பிறகு மழுப்பாதீர்கள். ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று நழுவுவதும் மரியாதைக் குறைவுதான். கேட்டவர் உண்மையாகத்தான் கேட்டார். இரண்டு மூன்று நிமிடங்களில் சொல்லி முடிக்கும்படி முன்பே யோசித்துவையுங்கள். உங்கள் வாழ்க்கையில் எது பாரமாக இருந்தது, இயேசுவை எப்படி அறிந்தீர்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது, எது இன்னும் மாறவில்லை. கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். அதுதான் மற்றதை நம்பவைக்கும்.

சபைக்குள் புழங்கும் சொற்களைக் குறையுங்கள். ‘கர்த்தர் என்னைத் தொட்டார்’, ‘பாரப்பட்டு ஜெபித்தேன்’ என்பதெல்லாம் நமக்குப் புரியும். வெளியே இருப்பவருக்குப் புரியாது, கேட்கவும் கூச்சப்படுவார். மற்றவருடைய தெய்வங்களையும் வழிபாட்டையும் குறைத்துப் பேசும் ஒரு சொல்கூட வரக் கூடாது. நம் நம்பிக்கையைச் சொல்ல அது தேவையே இல்லை.

ஏழாம் படி: பேசக் கூடாத இடங்கள்

உங்களிடம் வேலை பார்ப்பவர், உங்களிடம் கடன் வாங்கியவர், நீங்கள் நிவாரணப் பொருள் கொடுக்கப் போன குடும்பம், மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவர், உங்கள் மாணவர், பெற்றோருக்குத் தெரியாமல் உங்களிடம் வரும் சிறுவர். இவர்களிடம் நீங்களாகத் தொடங்காதீர்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம் இல்லாத இடத்தில் சொல்லப்படும் ‘சரி’க்கு மதிப்பில்லை. பாலாடைக்கட்டியைப் பற்றிப் பேசிய அந்த மேசையை நினைத்துக்கொள்ளுங்கள்: உதவி மட்டும் செய்யுங்கள், முழுமையாகச் செய்யுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். இந்திய அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, நன்னெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமையையும் தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பல மாநிலங்களில் வற்புறுத்தல், மோசடி, ஆசை காட்டுதல் ஆகியவற்றின் மூலம் நடக்கும் மதமாற்றத்துக்கு எதிரான தனிச் சட்டங்களும் உள்ளன. வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் அந்த இடத்துச் சட்டத்தை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: பலனைத் தேடாதீர்கள்

தண்டுகளை வாங்கிக்கொண்டு போன வல்ழான் அன்றைக்கே என்ன செய்தார் தெரியுமா? பெத்தி ழெர்வே என்ற ஏழைச் சிறுவனின் 40 சூ (அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு) நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்து, அவனை அழவைத்துத் துரத்தினார். அவ்வளவு பெரிய இரக்கத்தைப் பெற்ற சில மணி நேரத்துக்குள்! பையன் போன பிறகுதான் தன்னையே பார்த்து நடுங்கி, கதறி அழுகிறார். அந்த இரவு மூன்று மணி வாக்கில் ஆயர் வீட்டு வாசலில் ஒருவர் முழங்காலிட்டிருந்ததை வண்டியோட்டி ஒருவர் பார்த்ததாக நாவல் சொல்கிறது. உள்ளே தூங்கியவருக்கு அது தெரியாது. பின்னர் வல்ழான் வேறு பெயரில் தொழில் நடத்தி, ஊர்த் தலைவராகி, எத்தனையோ பேரைத் தாங்குகிறார். ஆயரை அவர் மறுபடி சந்திக்கவே இல்லை. 1821-இல் ஆயர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்து துக்க உடை அணிகிறார்.

புதியவர்கள் சோர்ந்துபோவது இங்கேதான். பேசினேன், ஒன்றும் நடக்கவில்லை, நான் சரியாகச் சொல்லவில்லையோ என்று தவிப்பார்கள். தினமும் வசனங்களை அனுப்புவது, ஆராதனைக்கு வரும்படி திரும்பத் திரும்பக் கூப்பிடுவது, வராவிட்டால் முகம் வாடுவது எல்லாம் இந்தத் தவிப்பிலிருந்துதான் வருகின்றன. ஒருமுறை அழைத்தால் போதும். அதன் பிறகு அவருக்காகத் தனியே ஜெபியுங்கள். ஜெபிப்பதை அவரிடம் சொல்லிக் காட்டவேண்டியதில்லை. அவர் கிறிஸ்தவர் ஆகப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் அவருக்கு நண்பராக இருப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், பேச்சை நிறுத்திவிட்டு முதலில் நட்பைச் சரிசெய்யுங்கள்.

அவர் இன்னும் தெரிந்துகொள்ள விரும்பினால்

நாவலைக் கொடுங்கள், முதல் 27 அத்தியாயங்களைக் குறித்துக் கொடுங்கள், மீதி அவர் விருப்பம். வேதாகமத்தைக் கேட்டால் மொத்தமாகக் கொடுத்து மலைக்கவைக்காமல், லூக்கா சுவிசேஷத்தை மட்டும் தனிப் புத்தகமாகக் கொடுப்பது நல்லது. எளிய தமிழில் உள்ள மொழிபெயர்ப்பாக இருக்கட்டும். கேள்விகள் வரும், பதில் தெரியாதவற்றைத் தெரியாது என்று சொல்லி, உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டு வந்து சொல்லுங்கள். போதகரை முன்னறிவிப்பில்லாமல் அவர் வீட்டுக்கு அழைத்துப் போகாதீர்கள்.

பிறகு, அவருக்குப் பிடித்த பாத்திரம் யார் என்று கேளுங்கள். சிலப்பதிகாரத்துக் கண்ணகியாக இருக்கலாம், கம்பனின் குகனாக இருக்கலாம், நீங்கள் கேள்விப்படாத ஒரு நாவலின் கதாநாயகியாக இருக்கலாம். அந்த நூலை நூலகத்திலிருந்து எடுத்துவந்து, அடுத்த முறை அவரைச் சந்திப்பதற்குள் படித்துவிடுங்கள். அவர் ஏன் அந்தப் பாத்திரத்தை நேசிக்கிறார் என்று சொல்லும்போது இடையில் பேசாமல் கேளுங்கள்.